துறைமுகத்து மின் லாரிகளுக்கு எத்தனை சார்ஜர் வேண்டும்?

மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த நாள்களில் ஒரு வழக்கம் இருந்தது. கடலடிப் பார்களில் கிடக்கும் சிப்பிகள் அத்தனையையும் எண்ணிப் பார்ப்பது யாராலும் ஆகாத காரியம். ஆகவே முதலில் சிலரை மட்டும் மூழ்கச் செய்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிப்பிகளை எடுத்து வரச் சொல்வார்கள். அவற்றைத் திறந்து, கிடைத்த முத்துகளை நிறுத்து மதிப்பிடுவார்கள். இந்தச் சிறு மாதிரியைக் கொண்டே அந்த ஆண்டு சலாபம் நடத்துவதா, வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். தோணிகளும் ஆள்களும் வந்து குவிந்த பிறகு கடலில் சிப்பி இல்லை என்று தெரிந்தால் எத்தனை நட்டம்! தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அந்தத் தொழில் போய்விட்டது. ஆனால் செலவு செய்வதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பது என்னும் அந்த அறிவு இன்று அதே கரையில் வேறொரு வேலைக்குத் தேவைப்படுகிறது.

தூத்துக்குடிக்குச் சென்றிருக்கிறீர்களா? மதுரை நெடுஞ்சாலை வழியாக ஊருக்குள் நுழையும்போதே கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் காணலாம். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் துறைமுகம் இப்போது ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளுகிறது. அதில் பெரும் பகுதி சாலை வழியே வந்து போகிறது. இந்த லாரிகள் டீசல் குடிப்பவை. துறைமுகங்களில் இயங்கும் கருவிகளிலும் வண்டிகளிலும் பாதிக்கு மேல் 2030-க்குள் மின்சாரத்தால் ஓட வேண்டும் என்று 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட பசுமைத் துறைமுக வழிகாட்டி கூறுகிறது. மின் லாரி வாங்குவோருக்கு மானியம் தரும் திட்டமும் 2025 ஜூலையில் வந்துவிட்டது. ஊருக்கு வெளியே சில்லாநத்தத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் மின் கார்த் தொழிற்சாலையை 2025 ஆகஸ்டு 4-ஆம் நாள் திறந்தது. வண்டி வரப்போவது உறுதி. அவற்றுக்கு மின்னேற்றம் செய்ய எத்தனை சார்ஜர்கள் வேண்டும்? எங்கே வைக்க வேண்டும்?

'இது என்ன பெரிய கேள்வி? வண்டிகளை எண்ணி, தேவைப்படும் மின்சாரத்தைக் கூட்டி, வகுத்தால் விடை வந்துவிடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். வராது. ஏன் வராது என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம். இதற்குக் கணிப்பொறி தேவையில்லை. ஒரு பகடைக்காய், ஒரு பென்சில், ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தால் போதும்.

முதலில் ஒரு லாரி

கணக்குக்காக ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். சுமை ஏற்றிய கனரக மின் லாரி 1 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 1½ யூனிட் மின்சாரம் செலவாகும் என்று கொள்ளலாம். கண்டெய்னர் கிடங்குக்கும் துறைமுகத்துக்கும் போய்வர 20 கிலோமீட்டர் என்றால், 8 நடைக்கு 160 கிலோமீட்டர். அதாவது 240 யூனிட். ஒரு சிறு குடும்பம் இரண்டு மாதம் எரிக்கும் மின்சாரத்தை இந்த லாரி ஒரே நாளில் செலவிட்டுவிடுகிறது!

இந்த 240 யூனிட்டை 1 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால் 240 கிலோவாட் திறனுள்ள சார்ஜர் வேண்டும். வீட்டில் உள்ள ஏ.சி. ஒன்று ஏறத்தாழ 1½ கிலோவாட் இழுக்கும். ஆகவே ஒரு சார்ஜர், ஒரே சமயத்தில் ஓடும் 160 ஏ.சி.களுக்குச் சமம். பேட்டரி நிறையும் தறுவாயில் மின்னேற்றத்தின் வேகம் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குடம் விளிம்பு வரை வரும்போது குழாயைச் சிறிது மூடுகிறோம் அல்லவா? அதுபோல. எனவே லாரிப் பேட்டரியை முழுக்க நிரப்பாமல் பத்தில் ஒன்பது பங்கோடு நிறுத்திக்கொள்வதே சாலைக்கு ஏற்றது.

இனி நம் மின்னேற்ற நிலையத்திற்கு வருவோம். சராசரியாக அரை மணிக்கு ஒரு லாரி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 1 மணி நேரம் ஆகிறது. நாளைக்கு 48 லாரி, 48 மணி நேர வேலை. ஒரு சார்ஜர் நாளைக்கு 24 மணி நேரம் வேலை செய்யும். அப்படியானால் 2 சார்ஜர் போதும்! வகுத்தல் கணக்கின் விடை இதுதான். இந்த விடையை நம்பி நிலையம் கட்டினால் என்ன நடக்கும்? பகடையை உருட்டுவோம்.

பகடை ஓட்டும் லாரிகள்

நோட்டில் 10 நிமிடத்திற்கு ஒரு கோடாக நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஒருமுறை பகடையை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் ஒரு லாரி வந்துவிட்டது. மற்ற எண்கள் விழுந்தால் வரவில்லை. மூன்றில் ஒரு தடவை லாரி வரும் என்பதால், சராசரி சரியாக 30 நிமிடத்திற்கு ஒன்று. லாரி வந்தால் மறுபடி ஒருமுறை உருட்டுங்கள். 1, 2 விழுந்தால் அதற்கு 40 நிமிட மின்னேற்றம். 3, 4 என்றால் 60 நிமிடம். 5, 6 என்றால் 80 நிமிடம். சில வண்டிகள் பாதிப் பேட்டரியோடு வரும், சில காலியாக வரும். அந்த வேறுபாட்டைத்தான் இந்த இரண்டாவது உருட்டல் காட்டுகிறது.

ஒரு காலை வேளையில் பகடை இப்படி விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். 6.00 மணிக்கு முதல் லாரி, 80 நிமிடம். 6.10-க்கு இரண்டாவது, 60 நிமிடம். 6.20-க்கு மூன்றாவது, 80 நிமிடம். 6.40-க்கு நான்காவது, 60 நிமிடம். பிறகு 1 மணி நேரம் ஒன்றுமே வரவில்லை. 7.40-க்கு ஐந்தாவது, 40 நிமிடம். 8.30-க்கு ஆறாவது, 60 நிமிடம். மூன்று மணி நேரத்தில் 6 லாரி. சராசரி பிசகவே இல்லை.

இரண்டு சார்ஜர் மட்டும் இருந்தால்? முதல் இரண்டு லாரிகளும் வந்தவுடன் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது லாரி 7.10 வரை, அதாவது 50 நிமிடம் நிற்க வேண்டும். நான்காவது 7.20 வரை, 40 நிமிடம். ஐந்தாவது 8.20 வரை, அதற்கும் 40 நிமிடம். ஆறாவதுக்கு மட்டும் அதிர்ஷ்டம், 8.30-க்கு ஒரு சார்ஜர் சரியாகக் காலியாகிறது. மொத்தம் 130 நிமிடக் காத்திருப்பு. இதே காலையில் 3 சார்ஜர் இருந்திருந்தால் நான்காவது லாரி மட்டும் 30 நிமிடம் நின்றிருக்கும். மற்ற ஐந்தும் ஒரு நிமிடமும் நின்றிரா. ஆனால் 8.20 முதல் 8.30 வரை மூன்று சார்ஜரும் வேலையில்லாமல் கிடந்திருக்கும்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். சார்ஜர் சும்மா கிடந்த அந்த 10 நிமிடத்தை எடுத்து வைத்துப் பிறகு பயன்படுத்த முடியாது. போனது போனதுதான். ஆனால் லாரி தாமதப்பட்ட நிமிடங்கள் அப்படிக் கரைந்துபோவதில்லை. அவை பின்னால் வருகிற லாரிகளின் தலையில் ஏறிக்கொண்டே போகின்றன. இந்த ஓரவஞ்சனை காரணமாகத்தான், சராசரிக்குச் சரியாகப் பொருந்தும் நிலையத்தில் வரிசை நாளாக நாளாக நீண்டுகொண்டே போகிறது. வகுத்தல் கணக்குக்கு இது தெரியாது. பகடைக்குத் தெரியும்.

பகடையால் ஒரு நாளை ஓட்டிப் பார்க்க அரை மணி நேரம் பிடிக்கும். கணிப்பொறி பத்தாயிரம் நாள்களைக் கண் மூடித் திறப்பதற்குள் ஓட்டிவிடும். செய்யும் வேலை என்னவோ ஒன்றுதான். இந்த முறை பிறந்த கதை சுவையானது. 1946-இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித அறிஞர் நோயிலிருந்து தேறி வந்தபோது, பொழுதுபோக்காகத் தனியே சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெற்றியாக முடியும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப்போட முயன்று அலுத்து, நூறு தடவை ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் என்ன என்று நினைத்தார். அந்த எண்ணத்தை அணுக்கரு ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்று வான் நியூமனிடம் சொன்னார். சூதாட்டத்திற்குப் பெயர்போன ஊரின் பெயரால் அதற்கு 'மான்டி கார்லோ முறை' என்று பெயர் வைத்தார்கள்.

நம்முடைய எளிய நிலையத்திற்கு மட்டும் அதைவிடப் பழைய வாய்பாடு ஒன்றே விடை தந்துவிடும். டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், எத்தனை இணைப்புக் கம்பிகள் வைத்தால் பேச விரும்புவோர் காத்திருக்க நேராது என்று 1909 முதல் ஆராய்ந்தார். பேச வருபவருக்குப் பதில் லாரி, கம்பிக்குப் பதில் சார்ஜர் என்று மாற்றிக்கொண்டால் அவர் கணக்கு அப்படியே நமக்கு உதவும். வருகை நேரமும் மின்னேற்ற நேரமும் பகடையில் கண்டதைவிட இன்னும் தாறுமாறாக மாறுபடும் என்று கொண்டு கணக்கிட்டால் கிடைப்பது இது. 3 சார்ஜர் இருந்தால் ஒரு லாரி சராசரியாக 27 நிமிடம் காத்திருக்கும். 4 இருந்தால் 5 நிமிடம். 5 இருந்தால் 1 நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

இந்த மூன்று எண்களையும் நன்றாகப் பாருங்கள். நான்காவது சார்ஜர் 22 நிமிடத்தை மிச்சப்படுத்துகிறது. ஐந்தாவது வெறும் 4 நிமிடத்தை. விலை என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான். அப்படியானால் நான்கோடு நிறுத்திவிடலாமா? அதற்குமுன் இன்னொரு கேள்வி. நான்கில் ஒன்று பழுதாகிவிட்டால்? மறுபடி 27 நிமிடத்திற்குத் திரும்பிவிடுவோம். உப்பளக் காற்று வீசும் ஊரில் இரும்பும் செம்பும் என்ன பாடுபடும் என்று தூத்துக்குடிக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜரின் பெட்டிக்குள் உப்பும் ஈரமும் புகாமல் காப்பது இங்கே பெரிய வேலை. ஆகவே ஐந்தாவது சார்ஜரை 4 நிமிடத்திற்காக அல்ல, பழுதாகும் நாளுக்காக வாங்க வேண்டியிருக்கலாம்.

27 நிமிடம் பெரிதா என்று நினைக்க வேண்டாம். துறைமுக லாரிகளில் நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓட்டுநர்கள் பலர். நாளில் இரண்டு முறை மின்னேற்றம் செய்ய நேர்ந்து, இரண்டு முறையும் 27 நிமிடம் நின்றால், ஏறக்குறைய ஒரு நடை போய்விடும். திட்டமிடுபவரின் தாளில் சிறு பின்னமாகத் தெரிவது ஓட்டுநருக்கு ஒரு நடையின் காசு.

கப்பல் வந்தால் கணக்கு மாறும்

இதுவரை ஒவ்வொரு லாரியும் தன் போக்கில், மற்றதைப் பற்றிக் கவலைப்படாமல் வருவதாகக் கொண்டோம். எர்லாங்கின் தொலைபேசியில் அது சரி. ஒருவர் பேச நினைப்பதற்கும் அடுத்த தெருக்காரர் பேச நினைப்பதற்கும் தொடர்பில்லை. துறைமுகத்தில் அப்படியல்ல. கண்டெய்னர்க் கப்பல் கரை தட்டினால் எல்லா லாரிகளும் ஒன்றாகப் புறப்படுகின்றன. கப்பல் போனபின் துறைமுகச் சாலை வெறிச்சோடுகிறது. உப்பு லாரிகளோ ஆண்டின் முற்பகுதியில் தொடங்கி செப்டம்பர் வரை சுறுசுறுப்பாக ஓடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் வேலை நின்றுவிடும்.

ஒரு கப்பலின் வேலை முடிந்து 12 லாரிகள் ஒரே நேரத்தில் மின்னேற்றத்திற்கு வருகின்றன என்று வையுங்கள். 4 சார்ஜர், லாரிக்கு 1 மணி. முதல் நான்கு உடனே மாட்டும். அடுத்த நான்கு 1 மணி நேரம் நிற்கும். கடைசி நான்கு 2 மணி நேரம். சராசரிக் காத்திருப்பு 5 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்திற்குத் தாவிவிட்டது! நாளின் மொத்த லாரி எண்ணிக்கை மாறவே இல்லை. இங்கே எர்லாங்கின் வாய்பாடு கைவிட்டுவிடும். கப்பல் அட்டவணை, வாயிலில் ஆகும் நேரம், ஓட்டுநர்கள் சாப்பாட்டுக்கு ஒதுங்கும் நேரம் எல்லாவற்றையும் போட்டு, கணிப்பொறியில் துறைமுகத்தையே ஒரு பொம்மைத் துறைமுகமாக ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. சாலைப் போக்குவரத்தை வண்டி வண்டியாக ஓட்டிக் காட்டும் நிரல்கள் இதற்கு இருக்கின்றன. 'சுமோ' என்ற நிரலை ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் 2001 முதல் எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறது. ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்கள் வீட்டிலேயே இறக்கிப் பழகலாம்.

பொம்மைத் துறைமுகத்தை ஓட்டிப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை கண்ணில் படும். என் கருத்தில் இந்தத் துறையிலேயே மிகவும் பயனுள்ள உண்மை அதுதான். துறைமுக லாரிகள் ஏற்கெனவே நிறைய நேரம் நிற்கின்றன! வாயிலில் காகிதம் சரிபார்க்க நிற்கின்றன. கிடங்கில் பாரந்தூக்கிக்காக நிற்கின்றன. இரவில் ஓட்டுநர் உறங்கும்போது நிற்கின்றன. மின்னேற்றத்திற்கென்று தனியாக ஓரிடம் கட்டி, அங்கே வரவழைத்து மறுபடி நிறுத்துவது எதற்கு? எங்கே நிற்கிறதோ அங்கேயே சார்ஜரை வைத்தால், அந்த 20 நிமிடம், அந்த 40 நிமிடம் எல்லாம் மின்னேற்ற நேரமாக மாறிவிடும். டீசல் பங்க்கைப் போல நினைத்துத் திட்டமிடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. டீசல் சில நிமிட வேலை, அதற்காகப் போய்வரலாம். மின்சாரம் கம்பி வழியாக வண்டி நிற்கும் இடத்துக்கே வரும். (மாட்டுவண்டிக் காலத்தில் சந்தையில் சுமை இறங்கும் நேரத்திலேயே மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிடுவார்கள். அதற்கென்று தனி ஊருக்கு ஓட்டிப் போனதில்லை.)

நின்று ஏற்றாமல், தீர்ந்த பேட்டரியைக் கழற்றிவிட்டு நிறைந்ததை மாட்டிக்கொண்டு போவது இன்னொரு வழி. மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் இவ்வகைக் கனரக மின் லாரிகள் 50 ஓடத் தொடங்கின. பேட்டரி மாற்ற 10 நிமிடம் என்று கொண்டு அதே எர்லாங் கணக்கைப் போட்டால், ஒரே ஒரு மாற்றுமேடை இருந்தாலும் காத்திருப்பு 5 நிமிடந்தான். நான்கு சார்ஜர் செய்ததை ஒரு மேடை செய்துவிடுகிறது! ஆனால் ஏமாறக் கூடாது. கழற்றிய பேட்டரியும் 1 மணி நேரம் மின்னேற்றம் பெற்றாக வேண்டும். வரிசை மறைந்துவிடவில்லை, லாரியிடமிருந்து பேட்டரிக்கு மாறியிருக்கிறது. உதிரிப் பேட்டரிகளுக்கு முதல் போட வேண்டும். இருந்தாலும் பேட்டரிக்குக் கூலி நட்டம் இல்லை, பசியும் இல்லை. ஓட்டுநர் நிற்பதற்குப் பதில் பேட்டரி நிற்பது மேல் என்றே எனக்குப் படுகிறது.

மின்சாரம் எங்கிருந்து?

உங்கள் தெரு முனையில் உள்ள மின்மாற்றியில் 100 கே.வி.ஏ. அல்லது 250 கே.வி.ஏ. என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 250 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்றை நம் லாரிச் சார்ஜர் ஒன்றே முழுவதுமாக விழுங்கிவிடும். நான்கு சார்ஜருக்கு 960 கிலோவாட். அதற்கு உயரழுத்த இணைப்பும் தனி மின்மாற்றியும் வேண்டும்.

ஆனால் நான்கும் ஒரே சமயத்தில் ஓடுவது எவ்வளவு நேரம்? அதே கணக்குச் சொல்கிறது, நாளில் 4 மணி நேரத்திற்குச் சற்று அதிகம். மீதி 20 மணி நேரமும் மூன்றோ அதற்குக் குறைவாகவோதான் ஓடுகின்றன. ஆகவே 960-க்குப் பதில் 720 கிலோவாட்டுக்கு மட்டும் இணைப்பு வாங்கலாம். நான்கும் ஓடும் நேரத்தில் ஒவ்வொன்றுக்கும் 180 என்று கணிப்பொறி பங்கிட்டுத் தரும். அந்த நேரம் முழுதும் மாட்டியிருக்கும் லாரிக்கு 60 நிமிட வேலை 80 நிமிடமாகும். அவ்வளவுதான். மின்மாற்றியிலும் கம்பியிலும் கால் பங்கு செலவு குறைகிறது. உச்ச மின்தேவைக்கு மாதந்தோறும் கட்டும் கட்டணமும் குறையும்.

பகலில் ஏற்றுவதா, இரவில் ஏற்றுவதா என்பதும் சிறிய விஷயமல்ல. மத்திய மின்துறை அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, சூரிய ஒளி மிகுந்த காலை 9 முதல் மாலை 4 வரை மின்னேற்ற நிலையங்களுக்கான மின்கட்டணம் சராசரி வழங்கு செலவில் 0.7 மடங்காகவும், மற்ற நேரத்தில் 1.3 மடங்காகவும் இருக்கலாம் என்கிறது. ஏறக்குறைய பாதிக்குப் பாதி வேறுபாடு! தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்று தரையில் அமைந்துள்ளது. இவ்வளவு பெரிய நிலையம் நம் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரி 20,000 யூனிட்டுக்கு மேல் தரக்கூடும். நம் கற்பனை நிலையத்தின் 48 லாரிக்கு வேண்டியது 11,520 யூனிட். மொத்தத்தைப் பார்த்தால் தாராளம். ஆனால் இரவு 2 மணிக்கு வரும் லாரியிடம் வெயில் வரட்டும் என்று சொல்ல முடியுமா? மீண்டும் அதே கதைதான். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே கடினமான கேள்வி. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் தென் மாவட்டக் காற்றாலைகள் இரவிலும் சுழலும் என்பது ஓரளவு ஆறுதல்.

பகல் வெயிலை இரவுக்குச் சேமித்து வைக்க என்ன வழி? துறைமுகம் ஒரு வழியைச் சோதித்து வருகிறது. 2025 செப்டம்பர் 5-ஆம் நாள் அங்கே பசுமை ஹைட்ரஜன் முன்னோடி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. செலவு ரூ. 3.87 கோடி. நீரை மின்சாரத்தால் பிரித்து மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். அதிலிருந்து கிடைக்கும் மின்சாரம் துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் ஒரு மின்வாகன மின்னேற்ற நிலையத்துக்கும் போகிறது. இந்தியத் துறைமுகங்களில் இதுவே முதல் முயற்சி.

இதையும் நோட்டில் போட்டுப் பார்ப்போம். 1 கன மீட்டர் ஹைட்ரஜன் எடுக்க ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரம் செலவாகும். அதை எரிமக் கலத்தில் செலுத்தித் திரும்ப மின்சாரமாக்கினால் ஏறத்தாழ 1½ யூனிட்தான் கிடைக்கும். எனவே மணிக்கு 50 யூனிட் போட்டு 15 யூனிட் எடுக்கிறோம். மணிக்கு 15 யூனிட் என்றால் 30 யூனிட் பேட்டரி உள்ள காருக்கு 2 மணி நேரம் போதும். நம் லாரிக்கோ 16 மணி நேரம்! நல்ல பேட்டரியில் சேமித்தால் போட்டதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திரும்பி வரும். ஆக, வண்டிக்கு மின்னேற்றம் செய்யும் வழி என்ற அளவில் ஹைட்ரஜன் சுற்றுவழிதான். கப்பல் எரிபொருளுக்கும் அம்மோனியா, உரம் போன்றவற்றுக்கும் ஹைட்ரஜன் தேவைப்படப்போகிறது. அதைக் கையாளக் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் என்று பார்த்தால் இந்த நிலையம் செலவுக்குத் தகுந்ததே. முன்னோடி நிலையத்தை லாரி நிலையத்தின் சிறு வடிவம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

ஊருக்குள் ஓடும் ஸ்கூட்டர்களையும் ஆட்டோக்களையும் பற்றி அதிகம் சொல்லவில்லை. அவற்றில் பெரும்பாலானவை இரவில் வீட்டுச் சுவரில் உள்ள 15 ஆம்பியர் இணைப்பிலேயே நிறைந்துவிடும். நகரங்களில் 2030-க்குள் 1 கிலோமீட்டர் நீள அகலமுள்ள ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மின்னேற்ற நிலையம், நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டருக்கு ஒன்று, கனரக வண்டிகளுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒன்று என்று முன்பு சொன்ன 2024 வழிகாட்டியிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். இடையில் லாரிக்கு ஒன்று கிடைத்துவிடும். இந்த விதி எங்கே என்பதைச் சொல்கிறது. எத்தனை என்பதைப் பகடைதான் சொல்ல வேண்டும்.

எங்கே என்பதிலும் ஒரு திருத்தம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 நாள்களை இந்தப் பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! சாலைகள் அறுந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். தூத்துக்குடி நகரத்தின் பல பகுதிகளில் நாள் கணக்கில் நீர் வடியவில்லை. அப்போது உணவும் குடிநீரும் கொண்டு சென்றவை டீசல் வண்டிகள். அந்த வண்டிகள் மின்சாரத்தில் ஓடும் நாள் வரும்போது, மின்மாற்றியும் சார்ஜரும் தண்ணீருக்குள் நின்றால் என்ன செய்வது? ஆகவே பொம்மைத் துறைமுகத்தை ஓட்டிப் பார்ப்பவர்கள் ஆயிரம் சாதாரண நாள்களோடு அந்த ஒரு நாளையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நிலமட்ட வரைபடத்தை எடுத்து, அன்று நீர் எட்டாத மேட்டை முதலில் குறித்துக்கொண்டு, அதற்குள் இடம் தேட வேண்டும். மேட்டு நிலம் துறைமுக வாயிலிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர லாரிக்கு 6 யூனிட் கூடுதல் செலவு. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துவிடலாம்.

பகடையை இன்னும் எடுத்து வைத்துவிடாதீர்கள். ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் ஊரில் லாரி, மினி பஸ், ஆட்டோ எதுவாயினும் வந்து போகும் இடத்தில், பாதுகாப்பான திண்ணை ஒன்றில் கடிகாரத்தோடு 2 மணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொரு வண்டியும் வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் எழுதுங்கள். பாரில் மூழ்கி எடுத்த மாதிரிச் சிப்பிகள் போல இவைதான் உங்கள் மாதிரி. இப்போது பகடைக்குப் பதில் இந்த நேரங்களையே வைத்து 1 சார்ஜர், 2 சார்ஜர், 3 சார்ஜர் என்று ஓட்டிப் பாருங்கள். வண்டிகள் சும்மா நின்ற நேரத்தைத் தனியே கூட்டி, அந்த நேரத்திலேயே எத்தனை யூனிட் ஏற்றியிருக்கலாம் என்றும் கணக்கிடுங்கள். அப்படிக் கணக்கிட்டபின் சார்ஜர் எண்ணிக்கை எத்தனை குறைகிறது என்பதை எங்களுக்கு எழுதுங்கள்.